லைன் இருக்கு, சார்

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. தட்டாஞ்சாவடியில் நம் பட்டறைக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த மாதத்தோடு களத்துக்குப் போவதை நிறுத்திக்கொள்கிறேன். இனி எனக்கு மேசை வேலை. களத்துக்குப் போகப் போகிறவர்கள் நீங்கள் ஐந்து பேர்.

நம் ரோபோட் டப்பாக்களை எப்படிக் கோப்பது, எப்படிச் சுத்தம் செய்வது, எந்தத் திருகை எவ்வளவு முறுக்குவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. படித்தால் வந்துவிடும். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. போன வாரப் பயிற்சியில், ஒரு டப்பாவை வரிசையிலிருந்து விடுவிக்கும்போது திரையில் இரண்டு கேள்விகள் வந்தன. "விடச் சொல்வது யார்?" என்பது ஒன்று. "வெளியே யாரிடம் சொன்னீர்கள்?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் எழுதினால்தான் மேற்கொண்டு நகரும். உங்களில் ஒருவர், "இன்னாக்கா இது, ரேஷன் கார்டும் கேக்குமா?" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்த இரண்டு கேள்விகளும் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லத்தான் இது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு வாட்ச்மேன். அம்மா கட்டட வேலையில் சித்தாள். இருவருக்கும் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. நான் பொறியியல் முடித்து, ரோபோட்டுக்கு மூளை எழுதுகிறவள் என்று தெருவில் பெயர் வாங்கியபோது அம்மா மூன்று தெருவுக்கு மிட்டாய் கொடுத்தார். எனக்கு அதில் பெருமை உண்டு. இன்றும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அப்போது நம்மிடம் ஏழு டப்பாக்கள்தான் இருந்தன. டிபன் டப்பா அளவு, ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், தனி பேட்டரி, தனி மூளை. ஒன்றோடொன்று கொக்கி போட்டுச் சேர்ந்துவிட்டால் ஏழும் ஒரே பூச்சி மாதிரி ஊரும்; மின்சாரத்தையும் பேச்சையும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். எதற்குமே தலைவன் கிடையாது. எந்தப் பக்கம் திரும்புவது, நிற்பதா போவதா என்பதை ஏழும் ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். ஏதாவது ஒன்று பதில் சொல்லாமல் போனால், பக்கத்தில் இருப்பது மூன்று முறை கேட்கும். பதில் வராவிட்டால் அது செத்துவிட்டது என்று மற்றவை தீர்மானித்து, அதைக் கழற்றிவிட்டு, மீதி வரிசையைக் காப்பாற்றிக்கொண்டு பின்வாங்கும். அந்த விதியை எழுதியது நான். ஒரு மழைக்காலம் முழுக்க அதற்காக உழைத்தேன்.

காலாப்பட்டில் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் அதைச் செய்து காட்டினோம். என்னோடு வேலை பார்த்த பிரகாஷ், ஊர்ந்துகொண்டிருந்த வரிசையில் ஒரு டப்பாவின் இணைப்பைத் துண்டித்தான். மற்ற ஆறும் ஒரு கணம் நின்றன, அதை உதறின, திரும்பிப் போயின. கூட்டம் கைதட்டியது. கூட்டத்தில் காக்கிச் சட்டை போட்ட தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவர் இருந்தார். கைதட்டாமல் என் அருகில் வந்தார்.

"ஏம்மா, இதுல யாரு லீடர்?"

"யாரும் இல்ல சார். எல்லாம் சேர்ந்து முடிவெடுக்கும்."

"நல்லது. தப்பா முடிவெடுத்துச்சுன்னா நான் யாரைத் திட்டுறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவர் அழைத்தார். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய மாடி வீடு. வீட்டுக்காரர் பிரான்சில் இருக்கிறார். தங்கும் விடுதியாக மாற்ற வேலை நடந்துகொண்டிருந்தது. நான்கு நாள் மழையில் ஊறிய பின்சுவரும் அதன் மேலிருந்த தளமும் டீ நேரத்தில் இறங்கிவிட்டன. மற்றவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஏழுமலை என்ற கொத்தனார் மட்டும் உள்ளே. உயிரோடு இருக்கிறார், குரல் கேட்கிறது, ஆனால் அவரை எட்டுகிற வழியில் ஆள் நுழைய முடியாது. "ஒரு சாண் அகலம் இருக்குது. உன் பூச்சி போவுமா?" என்று கேட்டார்.

போகும் என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவே அமைதியாக நின்றது. ஜெனரேட்டர், கட்டிங் மெஷின், எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். அலுவலர் இடிபாட்டில் மண்டியிட்டு, ஓட்டைக்கு அருகே காதை வைத்திருந்தார். பிறகு எழுந்து கையசைத்தார். மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படி நிறுத்திக் கேட்கிறார்கள் என்று ஒரு வீரர் சொன்னார். உள்ளே இருப்பவர் சத்தம் கொடுக்கிறாரா, அது எந்தப் பக்கமிருந்து வருகிறது, குரல் தேய்கிறதா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி இல்லை.

ஓட்டைக்கு அருகே ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றியிருந்தாள். முழங்கை வரை சிமெண்ட். கையில் டீத் தூக்கு. டீ வாங்கப் போனதால் தப்பித்தவள். ஏழுமலையின் மனைவி சுமதி. அதே வேலையில் சித்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அம்மா நினைவு வந்தது. அந்தச் சும்மாட்டின் முடிச்சுகூட அப்படியே இருந்தது.

அலுவலர் திட்டத்தைச் சொன்னார். பின்பக்கத்திலிருந்து ஜாக்கி வைத்து உத்தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி வழி செய்ய வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். "அதுவரைக்கும் அவன் முழிச்சிருக்கணும். கண்ண மூடிட்டான்னா கஷ்டம். தண்ணி போவணும், பொண்டாட்டி குரல் போவணும். அது ரெண்டும் உன் வேல."

டப்பாக்களைக் கோத்தோம். முதல் டப்பாவில் விளக்கு, கேமரா, மைக், ஸ்பீக்கர். வரிசை நெடுக ஒரு மெல்லிய தண்ணீர்க் குழாயைக் கட்டினோம். பிரகாஷ் குழாயைக் கட்டியபடியே சொன்னான்: "மேகலா, தானா கழட்டிக்கிற ரூலை நிறுத்திட்டு அனுப்பலாமா?"

"ஏன்?"

"உள்ள ஆள் இருக்காரு. இது கண்காட்சி இல்ல."

"முதல் டப்பா மாட்டிக்கிச்சுன்னா ஏழும் உள்ள நின்னுடும். இருக்கிற ஒரே வழியும் அடைஞ்சிடும். ரூல் இருக்கட்டும்."

என் பதிலில் நியாயம் இருந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது என் விதி என்பதால் சொன்னேன். நியாயம் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. உங்களுக்கும் இது நடக்கும். சரியான காரணம் கையில் இருக்கும்போது, அதற்கு முன்னால் வேறு ஒரு காரணம் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வரிசை பத்து நிமிடத்தில் அவரை எட்டியது. திரையில் முதலில் ஒரு கை தெரிந்தது, பிறகு தூசி படிந்த தாடை, ஒரு கண். மார்புக்கு மேல் உத்தரம் கிடந்தது. வலது கை மட்டும் முழங்கை வரை அசைந்தது. சுமதியின் கையில் மைக்கைக் கொடுத்தேன்.

"இன்னாங்க? கேக்குதா?"

"கேக்குதுடி." மூச்சு வாங்கியது. "இன்னாடி இது, லைட்டு ஊர்ந்து வருது?"

"மெஷினு. இந்த மேடம் வுட்டிருக்காங்க."

"கடிக்குமா?"

ஓட்டையைச் சுற்றி நின்ற தீயணைப்பு வீரர்கள் சிரித்தார்கள். சுமதியும் சிரித்தாள்.

"கடிக்காது. வாய்க்கிட்ட ஒரு டியூப் வரும் பாரு. தண்ணி. கொஞ்சமாக் குடி."

குடித்தார். குழாயில் தண்ணீர் இழுபடுவதைப் பிரகாஷ் விரலால் தொட்டு உணர்ந்து எனக்குத் தலையசைத்தான்.

"டீ வாங்கினியா?" என்றார்.

"வாங்கினேன். ஆறிப் போச்சு."

"வச்சிரு. வந்து குடிக்கிறேன்."

பேசினால் அவருக்கு மூச்சு முட்டுகிறது என்பதால், பதில் சொல்ல வேண்டாம், டப்பாவை விரலால் தட்டினால் போதும் என்று ஏற்பாடு செய்தோம். ஒரு தட்டு என்றால் ஆமாம். சுமதி பேசிக்கொண்டே இருந்தாள். கடன் கேட்டு நச்சரிக்கும் கொழுந்தன், பள்ளியில் படிக்கும் சின்ன மகள், வீட்டுக் கூரையில் ஒழுகும் இடம், மேஸ்திரி நேற்று வாங்கிக் கட்டிக்கொண்டது. நடுநடுவே "கேக்குதா?" என்பாள். ஒரு தட்டு வரும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே போனது. அலுவலர் பின்பக்கத்துக்குப் போய்விட்டார். மெஷின்களை நிறுத்திக் காது கொடுப்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். அவசியம் இருக்கவில்லை. லைன் இருந்தது.

பிறகு ஜாக்கியை ஒரு படி ஏற்றினார்கள். இடிபாட்டுக்குள் ஏதோ நகர்ந்தது. ஓட்டையிலிருந்து புகை மாதிரி தூசி வந்தது. திரையில் முதல் டப்பாவின் குறி சாம்பல் நிறமானது: தொடர்பு இல்லை.

கல் விழுந்து அதற்கும் இரண்டாவதற்கும் நடுவே இருந்த இணைப்பு நசுங்கியிருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவே பேச்சு நின்றுவிட்டது, அவ்வளவுதான். முதல் டப்பா சாகவில்லை. ஆனால் இரண்டாவது டப்பா கேட்டது, பதில் இல்லை. மறுபடி கேட்டது. மூன்றாம் முறை கேட்டது. ஆறும் ஓட்டுப் போட்டன. நான் எழுதியபடியே, ஒரு பிழையும் இல்லாமல், கொக்கியைக் கழற்றிவிட்டுப் பின்வாங்க ஆரம்பித்தன.

நிறுத்து என்று அழுத்தினேன். நம் அமைப்பில் அப்போது "நிறுத்து" என்பதும் ஒரு வேண்டுகோள்தான். நான்கு டப்பாக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபத்து என்று இப்போதுதான் ஏகமனதாக முடிவெடுத்த ஆறும் என் சொல்லுக்கு உடனே இணங்கவில்லை. பிரகாஷ் ஓட்டை வாயில் வரிசையின் வாலைக் கையால் அமுக்கிப் பிடித்தான். அதற்குள் இரண்டு முழம் வெளியே வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயும் கூடவே வந்துவிட்டது. அவை விட்டுவந்த இடத்தில் மணலும் காரைக்கட்டியும் சரிந்து விழுந்தன.

இதுவரை நான் சொன்னது ஒரு பிழை. பிழைகள் நடக்கும். இனி சொல்லப்போவதுதான் விஷயம்.

சுமதி பேசிக்கொண்டிருந்தாள். வால் வெளியே வந்ததைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஏன் திரும்பி வந்துச்சு?"

"அதுவா கொஞ்சம் இடம் மாத்திக்குது," என்றேன்.

"தட்டவும் மாட்டேங்கறாரு."

"லேசா மயக்கமா இருப்பாரு. நீங்க பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க."

அவள் தலையாட்டிவிட்டு மைக்கை இன்னும் வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். அந்த மைக்கின் மறுமுனையில் யாரும் இல்லை. அது எனக்குத் தெரியும். என் முன்னால் திரையில் சாம்பல் நிறத்தில் தெரிந்துகொண்டிருந்தது.

பின்பக்கத்திலிருந்து அலுவலர் கத்தினார்: "ஏம்மா! லைன் இருக்கா?"

தெருவின் இரண்டு முனையிலும் கூட்டம். எல்லார் கையிலும் போன். காலையிலிருந்து என்னைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றவரிடம், "இந்தப் பொண்ணு நம்ம கருவடிக்குப்பத்துப் பொண்ணுதான்" என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் வரிசையை மறுபடி உள்ளே அனுப்பி முதல் டப்பாவோடு சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து நிமிடத்துக்காக எதற்கு எல்லாரையும் பயமுறுத்துவது?

"இருக்கு, சார்!" என்றேன்.

பிரகாஷ் என்னைப் பார்த்தான். அவனும் வாயைத் திறக்கவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவள் நான்.

ஐந்து நிமிடம் முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. கேமரா முதல் டப்பாவோடு போய்விட்டதால் வரிசை குருடாகத்தான் போயிற்று. நான்கு முறை அனுப்பினேன். நான்கு முறையும் சரிந்த மண்ணில் முட்டி நின்றது. ஒவ்வொரு முறையும் அடுத்த தடவை நிச்சயம் என்று தோன்றியது. ஒவ்வொரு முறை தோற்றபோதும் உண்மையைச் சொல்வது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. முதல் நிமிடத்தில் சொல்லியிருந்தால் அது ஒரு செய்தி. இருபதாவது நிமிடத்தில் அது ஒப்புதல் வாக்குமூலம். என் பக்கத்தில் சுமதி, தொண்டை கட்டிப்போய், செத்த மைக்கில் மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தீயணைப்பு வீரர்கள் பின்பக்க வழியாக அவரை எட்டியபோது மணி இரண்டு. உயிர் இல்லை.

அலுவலர்தான் முதல் டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அதன் மேல் விரல் தடங்கள் இருந்தன. "புடிச்சிருந்தான். கையிலேர்ந்து எடுக்க நேரமாச்சு," என்றார். அப்புறம், "லைன் எப்பம்மா போச்சு?" என்று கேட்டார்.

"கடைசியில சார். அதுவா முடிவு பண்ணிக் கழட்டிக்கிச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை.

உத்தரம் மார்பில் விழுந்த விதத்துக்கு அவர் பிழைத்திருப்பது சந்தேகம்தான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்த வார்த்தையை ஒரு வாரம் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அறிக்கை கேட்டார்கள். முதலாளி, "தானியங்கி விடுவிப்புன்னு எழுதிடு. உண்மைதானே?" என்றார். உண்மைதான். ஆறு டப்பாக்கள் சேர்ந்து எடுத்த முடிவு. அறிக்கையைப் படித்தவர்கள் எல்லாருக்கும் நிம்மதி. ஆறு டப்பாவில் எதைக் கூப்பிட்டு விசாரிப்பது? கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் முதல்முதலாகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவள் போட்ட கையெழுத்து அது.

பதினோராம் நாள், சுத்தம் செய்வதற்காக முதல் டப்பாவைப் பிரித்தேன். இணைப்பு அறுந்தால் கேட்பதையெல்லாம் அது தன் நினைவில் சேமித்துக்கொள்ளும். அதுவும் நான் எழுதியதுதான், மறந்தே போயிருந்தேன். பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முதலில் தூசி விழும் சத்தம். இருமல். பிறகு அவர் குரல்.

"தண்ணி வரல."

கொஞ்ச நேரம் கழித்து: "சுமதி?"

தட்டும் ஓசை. ஒன்று. இடைவெளி. இன்னொன்று. "தட்டறேன். கேக்குதா?"

"சரி. லைட்டு இருக்குது. லைட்டு இருந்தா நீ இருக்கற. கேட்டுக்கினு இரு."

அப்புறம் நீண்ட நேரம் மூச்சு மட்டும். மேலே ஜெனரேட்டர் ஓடுவது அந்த ஒலிப்பதிவில் எனக்கே தெளிவாகக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது. "மேல மெஷின் ஓடுது," என்றார். "வேல நடக்குது."

"பாப்பாவ மூணு மணிக்குக் கூட்டியாரணும். யாரு போறது?"

"டீய ஊத்திடாத."

அதற்குப் பிறகு இரண்டு தடவை தட்டினார். நான் கணக்கு வைத்துக்கொண்டேன். நடுநடுவே தட்டியதையும் சேர்த்து மொத்தம் பத்தொன்பது தட்டு.

ஒரே நேரத்தில் ஓட்டைக்கு இந்தப் பக்கம் அவள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அலுவலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லைன் எப்போது போனது, நான் எப்போது "இருக்கு" என்றேன், எல்லாம். "அன்னைக்குக் கண்காட்சியில யாரைத் திட்டுறதுன்னு கேட்டீங்க சார். என்னைத் திட்டுங்க," என்றேன்.

அவர் ஒலிப்பதிவைக் கேட்டார். "மேல மெஷின் ஓடுது" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"நீ வர்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் நிறுத்திக் காது குடுத்தோம். கத்தினா அவனுக்குக் கேட்டுச்சு. அவன் கத்தினா நமக்கும் கேட்டுச்சு. நீ வந்தப்புறம் நிறுத்தல." தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினார். "லைன் இருக்குன்னியே."

"அறிக்கையை மாத்தி எழுதித் தர்றேன் சார்."

"எழுதிக் குடு. ஆனா இன்னொரு எடத்துக்கும் போவணும் நீ. அங்க எழுதிக் குடுத்தா ஆவாது."

சுமதி அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, கருவடிக்குப்பத்திலேயே ஒரு கட்டடத்தில். டீ நேரத்தில் போனேன். மணல் குவியலின் ஓரமாக உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவர் கடைசியா பேசினது அந்த டப்பாவுல இருக்கு. கேக்கறீங்களா? வேணாம்னா வேணாம்."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

நான் எதிர்பார்த்தது அழுகை. அவள் அழவில்லை. பதில் சொன்னாள்.

"கேக்குதுங்க," என்றாள் முதல் தட்டுக்கு. கொஞ்சம் பொறுத்து, "இருக்கறேன். இங்கதான் இருக்கறேன்." பிறகு, "நான் போறேன் கூட்டியார. நீ அதெல்லாம் நினைக்காத." டீயைப் பற்றி அவர் சொன்ன இடத்தில் சத்தம் வராமல் தலையை மட்டும் ஆட்டினாள். கடைசித் தட்டு வரை ஒவ்வொன்றுக்கும் "உம்" கொட்டினாள். அவளோடு வேலை செய்கிறவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்திலேயே நின்றுவிட்டார்கள்.

போனை என்னிடம் கொடுத்தாள். பிறகு அன்றைக்குக் கேட்டதையே கேட்டாள்.

"ஏன் திரும்பி வந்துச்சு?"

"ஒரு டப்பா பதில் சொல்லலன்னா விட்டுட்டுத் திரும்பி வரணும்னு நான்தான் அதுக்குச் சொல்லி வச்சிருந்தேன். திரும்பி வந்ததுமே லைன் போயிடுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்களப் பேசச் சொன்னேன்."

"அவருக்குக் கேக்கலன்னு தெரிஞ்சே?"

"ஆமா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கு எங்கே தவறிற்று என்று தேடுகிறவள் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"லைன் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றாள். "அந்த ஓட்டையில வாய வச்சுக் கத்தியிருப்பேனே நான்."

மேஸ்திரி கூப்பிட்டார். சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். விசாரணையில் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார்கள். தீயணைப்புத் துறை வேலை நம் கையை விட்டுப் போயிற்று. திரும்பி வர மூன்று ஆண்டுகள் ஆயின. முதலாளி என்னோடு பல மாதம் பேசவில்லை. இதையெல்லாம் தண்டனை என்று நான் எண்ணவில்லை. அம்மாவிடம் மட்டும் நடந்ததை முழுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு கேட்டப்பவாவது ஒளிக்காம சொன்னியா?"

இப்போது டப்பாக்கள் பதினான்கு. முன்னைவிடப் புத்திசாலிகள். வழியைத் தாங்களே தேடும், சுமையைத் தாங்களே பிரித்துக்கொள்ளும், உங்களையும் என்னையும்விட வேகமாக முடிவெடுக்கும். எடுக்கட்டும். ஒன்றை ஒன்று விடுவதை மட்டும் நான் அவற்றிடமிருந்து எடுத்துவிட்டேன். அதற்கு நீங்கள் பெயர் எழுத வேண்டும். திரையில் வரும் முதல் கேள்வி அந்த அலுவலர் கேட்டது. இரண்டாவது சுமதி கேட்டது. பெயர் எழுதுவதற்கு நாலு விநாடி ஆகிறது, அவசரத்தில் அதுவே தடங்கல் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். நான் அளந்து பார்த்தேன். ஆறு விநாடி ஆகிறது.

எழுதிவிட்டு எழுந்து போய், இரண்டாவது பெயருக்கு உரியவரிடம் வாயால் சொல்லுங்கள்.